பதில்: கேம் ‘போர்ட்’டுக்குத் தமிழ் – ‘பொறிபெயர்ப்பு’ சரிவருமா?

குழுவினர் அனைவருக்கும் பினாங்கிலிருந்து வணக்கம்.

ஒரு பொறிக்காக எழுதிய ஆட்டத்தை வேறொரு பொறியில் ஓடும்படி செய்வதை ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்றுதான் இந்த இழையில் பேசிக்கொண்டிருக்கிறோம். என் சொல்லை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: பொறிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பு எப்படியோ அப்படி. கடைகளில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் ஆட்டங்கள், தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் வீட்டுக் கன்சோலுக்கு வந்தபோது உள்ளே என்ன வேலை நடந்தது என்று பார்த்துப் பார்த்துத்தான் இதற்கு வந்து சேர்ந்தேன். அதனால் மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘போர்ட்’டுக்குத் ‘துறை’ ஏற்கெனவே இருக்கிறது. ‘செயலி’ புரோசசருக்கும் ஆகிறது, ஆப்புக்கும் ஆகிறது. இதுவும் இரண்டு வேலை பார்க்கட்டுமே.

ஐயா, ‘செயலி’யின் இரட்டை வேலையே இன்னும் தொல்லை தருகிறது. ‘புதிய செயலி அறிமுகம்’ என்று தலைப்பைப் பார்த்தால் சில்லா, ஆப்பா என்று செய்தியைப் படித்த பிறகுதான் தெரிகிறது. தவிர, ‘துறை’யிலிருந்து நமக்கு வேண்டிய வினைச்சொல் கிடைக்காது. ‘போர்ட் செய்தார்’, ‘போர்ட் செய்யப்பட்டது’ என்று எழுத வேண்டிய இடங்கள்தான் அதிகம். கப்பல் நிற்கும் இடத்தையும் கம்பி செருகும் இடத்தையும் ‘துறை’ பார்த்துக்கொள்ளட்டும்.

> வீட்டில் விளையாடியது நகல்தானே அண்ணே? ‘வீட்டு நகல்’ என்றால் எல்லாருக்கும் புரிந்துவிடும்.

புரியும் தம்பி. ஆனால் நடந்தது நகலெடுப்பே இல்லை. பேக்-மேனை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-இல் நாம்கோ வெளியிட்ட ஆர்கேட் பொறியில் நிரலுக்கு மட்டும் 16 கிலோபைட். 1982-இல் அதை அட்டாரி 2600-க்கு எழுதிய டாட் ஃப்ரைக்குக் கிடைத்தது 4 கிலோபைட் கேட்ரிட்ஜும் (கன்சோலில் செருகும் ஆட்டப் பெட்டி) 128 பைட் நினைவகமும். கிலோபைட் இல்லை, வெறும் பைட். அந்தக் கன்சோல் பந்தடிக்கும் ஆட்டத்தையும் டாங்கிச் சண்டையையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. இரண்டு ஆட்டக்காரர் உருவம், இரண்டு குண்டு, ஒரு பந்து: அதன் வன்பொருள் நகர்த்திக் காட்டுவது அவ்வளவுதான். பேக்-மேனுக்கோ ஒரு நாயகனும் நான்கு பேய்களும் வேண்டும். ஃப்ரை ஓர் உருவத்தைப் பேக்-மேனுக்குக் கொடுத்துவிட்டு, மற்றதை நான்கு பேய்களுக்கும் முறைவைத்துப் பகிர்ந்தார். திரை ஒரு முறை வரையப்படும்போது ஒரு பேய்தான் தெரியும். விநாடிக்கு 60 முறை திரை வரையப்பட்டால் ஒவ்வொரு பேய்க்கும் 15 முறை வாய்ப்பு. அந்தப் பேய்கள் ஓயாமல் மினுக்கிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் இதுதான். பேக்-மேன் தின்னும் புள்ளிகள் சின்னக் கோடுகளாயின. இடமும் வலமும் இருந்த சுரங்க வழி மேலும் கீழுமாகப் போனது. புதிர்ப்பாதையே வேறு.

ஆர்கேட் பொறியில் இருந்தது இசட்80 சில்லு, 2600-இல் இருந்தது 6507. ஒன்றுக்கு எழுதிய கட்டளை மற்றொன்றுக்குப் புரியாது. ஆக, மூல நிரலே கையில் கிடைத்திருந்தாலும் ஒரு வரியைக்கூட அப்படியே எடுத்துப் போட முடியாது. மூலத்தைப் படித்து, அது என்ன செய்கிறது என்று விளங்கிக்கொண்டு, இன்னொரு பொறியின் மொழியில் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு நம்மிடம் நல்ல தமிழ்ச்சொல் ஏற்கெனவே இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது இங்கேதான்.

‘நகல்’ என்றால் இன்னொரு குறையும் உண்டு. அந்தச் சொல்லில் குறைவு மட்டும்தான் தொனிக்கிறது. 1978-இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆர்கேடில் 55 படையினர். 1980-இல் அட்டாரி 2600-க்கு வந்தபோது 36 பேர்தான். ஆனால் அதே கேட்ரிட்ஜில் 112 ஆட்ட வகைகள் இருந்தன. இருவர் ஒரே நேரத்தில் விளையாடலாம். ஆர்கேடில் ஒருவர் மாற்றி ஒருவர்தான். இன்னும் நல்ல சான்று கொன்ட்ரா. 1987-இன் ஆர்கேடில் அது நெட்டைத் திரையில் ஓடிய ஆட்டம். 1988-இல் வீட்டுக்கு வந்தபோது தொலைக்காட்சியின் அகலத்துக்கு ஏற்பக் கட்டங்களை நீட்டித் திருத்தி அமைத்தார்கள். ஆர்கேடை விட இதுவே மேல் என்று சொல்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்; நானும் அந்தக் கட்சி. இதைப் போய் எப்படி நகல் என்பது?

இழப்புகளும் ஒரே வகையாக இல்லை. டாங்கி காங் 1981-இல் நான்கு கட்டங்களோடு வந்தது. 1983-இல் நின்டெண்டோவின் வீட்டுக் கன்சோலான ஃபேமிகாமுக்கு வந்தபோது 50 மீட்டர் கட்டம், அந்த நகரும் பட்டைகள் உள்ளது, விடுபட்டுப்போனது. நம்மூரில் மைக்ரோ ஜீனியஸில் (ஃபேமிகாமைப் போலச் செய்த பொறி) விளையாடி வளர்ந்த பலருக்கு அப்படியொரு கட்டம் இருந்ததே தெரியாது. டபுள் டிராகனில் பறிபோனது துணை. ஆர்கேடில் அண்ணன் தம்பி இருவராகச் சேர்ந்து அடிக்கலாம். நின்டெண்டோவின் வீட்டுப் பொறியில் கதையை முறைவைத்துத்தான் ஆட வேண்டும். அடிமுறைகளையும் ஒவ்வொன்றாகச் சம்பாதிக்க வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் சிக்கல் அகலம்: ஆர்கேடில் ஒரு வரிக்கு 384 புள்ளிகள், சூப்பர் நின்டெண்டோவில் 256. ஆட்டத்துக்கு வேண்டிய ஆறு பொத்தான்களாவது சூப்பர் நின்டெண்டோவின் கைப்பிடியில் இருந்தன. மூன்றே பொத்தான் வைத்திருந்த சேகாவின் மெகா டிரைவ் கன்சோலுக்கு 1993-இல் ஆறு பொத்தான் கைப்பிடியையே தனியாகக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

சில மாற்றங்களுக்கும் பொறிக்கும் தொடர்பே இல்லை. அதே 1993-இல் மார்ட்டல் காம்பாட் என்ற சண்டை ஆட்டம் வீட்டுக்கு வந்தபோது, சூப்பர் நின்டெண்டோவில் அந்த நிறுவனத்தின் கொள்கைக்காக ரத்தம் சாம்பல் நிற வியர்வையானது. மெகா டிரைவில் ரத்தம் இருந்தது, ஆனால் ரகசியப் பொத்தான் வரிசையை அடித்தால்தான் வரும். மொழிபெயர்ப்பிலும் தணிக்கை உண்டு என்பதால் இதுவும் நம் சொல்லுக்குள் அடங்கிவிடும்.

எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுவது காசு. ஆர்கேட் ஆட்டம் கொஞ்ச நேரத்தில் உங்களைத் தோற்கடித்து அடுத்த காசைப் போடவைக்க வேண்டும். எத்தனை உயிர், எவ்வளவு கடினம் என்பதைக் கடைக்காரரே பலகையிலுள்ள சிறு விசைகளால் மாற்றிவைக்கலாம். இங்கே பினாங்கின் கொம்தார் கட்டடத்தில் ஒரு பொறியில் நன்றாக விளையாடியவர் இன்னொரு கடையில் அதே ஆட்டத்தில் சீக்கிரம் தோற்றதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம். வீட்டிலோ முழு விலையும் முன்கூட்டியே கொடுத்தாயிற்று; ஆட்டம் அந்த விலைக்கு நாள்கணக்கில் நின்று பிடிக்க வேண்டும். ஆகவே ‘தொடர்க’ வாய்ப்புகளுக்கு எண்ணிக்கை வைத்தார்கள், கட்டங்களைக் கூட்டினார்கள், கடைக்காரரின் விசைகள் விளையாடுபவருக்கான விருப்பப் பட்டியலாக மாறின. பொறி மாறியதோடு விளையாடுபவரின் சூழலும் மாறியது. வேறு வாசகருக்காகத் திருப்பிச் சொல்வது என்ற பொருள் ‘பெயர்ப்பு’ என்பதில் ஏற்கெனவே இருக்கிறது.

> ‘தளமாற்றம்’ பொதுவாகவும் எளிதாகவும் இருக்கிறதே?

அக்கா, எளிதுதான், மறுக்கவில்லை. ஆனால் ‘தளம்’ ஏற்கெனவே இணையத்தளம், தரைத்தளம் என்று நிறையச் சுமக்கிறது. ஒரு வலைத்தளத்தை வேறு வழங்கிக்கு (சர்வர்) மாற்றுவதையும் தளமாற்றம் என்றுதான் நாளை எழுதுவார்கள். ‘மாற்றம்’ தானாகவும் நிகழலாம், ஒருவர் செய்தும் நிகழலாம். ‘பெயர்வு’, ‘பெயர்ப்பு’ இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். இடப்பெயர்வு தானாக நகர்வது. மொழிபெயர்ப்பு ஒருவர் உட்கார்ந்து செய்வது. டாட் ஃப்ரை போன்றவர்களின் உழைப்பு சொல்லில் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

> பொறிபெயர்ப்பு என்றால் கணினி செய்யும் மொழிபெயர்ப்பு என்று நினைத்துவிட மாட்டார்களா?

நல்ல கேள்வி, எனக்கும் இந்தத் தயக்கம் இருந்தது. மொழிபெயர்ப்பில் ‘மொழி’ என்பது பெயர்க்கப்படும்போது மாறுவது, செய்கிறவர் அல்ல. அதே அமைப்பில் பொறிபெயர்ப்பில் மாறுவது பொறி. கணினி செய்வதை ‘இயந்திர மொழிபெயர்ப்பு’ என்று முழுதாகவே எழுதுகிறோம். அதில் ‘மொழி’ எப்போதும் இருக்கும். ஆகவே குழப்பம் முதல் வாசிப்போடு தீர்ந்துவிடும் என்றே நம்புகிறேன். வினையும் தடையில்லாமல் வருகிறது: பொறிபெயர்த்தார்கள், பொறிபெயர்க்கப்பட்டது, பொறிபெயர்ப்பாளர்.

எல்லை ஒன்றையும் வரைந்துகொள்ள வேண்டும். 1990-இன் நியோ ஜியோ வீட்டுப் பொறியில் ஆர்கேடின் அதே நிரல் அதே வன்பொருளில் ஓடியது. அங்கே பெயர்ப்பு எதுவும் நடக்கவில்லை, அதை ‘வீட்டுப் பதிப்பு’ என்றால் போதும். டெக்கன் என்ற சண்டை ஆட்டம் நடுவில் நிற்கிறது: அதன் ஆர்கேட் பலகையே பிளேஸ்டேஷனை ஒட்டிச் செய்யப்பட்டது, ஆகவே பெயர்க்க வேண்டியது குறைவு. மறுபக்கம் நின்ஜா கைடன். ஆர்கேடில் தெருச்சண்டை, நின்டெண்டோவில் தாவிக் குதிக்கும் ஆட்டம், பெயர் மட்டுமே பொது. அதற்குத் ‘தழுவல்’ பொருந்தும். இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் பல நேரங்களில் ஒரே சொல்லால் குறிக்கிறார்கள். நாம் பிரித்தே எழுதலாம்.

‘ஆர்கேட்’டுக்குக் ‘காசாட்டம்’ என்று இழையின் தொடக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். அது வேண்டாம் என்பது என் கருத்து. காதில் விழும்போதே சூதாட்டமாக ஒலிக்கிறது. இந்த ஆட்டங்களைச் சூதோடு சேர்த்துப் பார்த்த பெற்றோர் நம்மூரில் ஏராளம்; அந்தத் தப்பெண்ணத்தைச் சொல்லிலேயே பதித்துவிடக் கூடாது. அதற்குத் தனி இழை தொடங்கலாம். அதுவரை ‘ஆர்கேட்’ என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
பினாங்கு உறுப்பினர்