ஃப்ளஷ் வருது, ஆள் ரெடி பண்ணு

குன்னூர்க்காரன்:
அப்பா தச்சர். அதனால் எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் ஃப்ளஷ் என்றால் மேடு பள்ளமில்லாத பலகைக் கதவுதான். கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஸ்டோர் வேலைக்குச் சேர்ந்தது ஒரு ஏப்ரல் மாதம். லயன் வீடுகளுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, கதவு மாற்றும் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம். பெரிய கிளார்க் வந்து, "அடுத்த வாரம் ஃப்ளஷ் வந்துடும் தம்பி, ஆளும் சாக்கும் ரெடியா இருக்கட்டும்" என்றார். கீறல் விழாமல் சுற்றத்தான் சாக்கு என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, "எத்தனை சார்? ஆறே முக்கால் அடியா, ஏழடியா?" என்று கேட்டுவிட்டேன்.

மனுஷன் சிரிக்கக்கூட இல்லை. நேரே தேயிலைக்குள் கூட்டிப்போனார். கோடை மழை இரண்டு பெய்திருந்தது. பத்து நாள் முன்பு கரும்பச்சையாகக் கிடந்த செடியின் மேல்மட்டம் முழுக்க இளம்பச்சை. ஒன்றைக் கிள்ளிக் கையில் வைத்தார்: இரண்டு இலை, நடுவே ஊசி மாதிரி சுருண்ட மொட்டு. அதன் முதுகில் வெள்ளையாக மெல்லிய பூனைமுடி. ஃப்ளஷ் என்றால் இதுதானாம், கொழுந்து ஒரே மூச்சில் கிளம்புவது. அப்புறம் மொட்டு கொஞ்ச நாள் உறங்கும், திரும்பக் கிளம்பும். விட்டால் முற்றிவிடும், அதற்குத்தான் ஆளும் சாக்கும்.

ஊட்டி நர்ஸ்:
எங்களுக்குத் தினமும் இதே கூத்துதான். ஊசி போட்ட பிறகு கையில் இருக்கும் குழாய் அடைக்காமலிருக்க சலைன் விட்டுத் தள்ளுவோம், அதுவும் ஃப்ளஷ். "பாட்டிக்கு ஃப்ளஷ் பண்ணணும்" என்றேன், பேரன் பாத்ரூமைக் கைகாட்டினான். மாதவிடாய் நிற்கும் வயதில் முகம் குப்பென்று சூடாகிறதே, அதற்கும் இதே பெயர்தான்.

காடை:
பறவை பார்க்கிறவர்கள் அகராதியில் ஃப்ளஷ் என்பது கிட்டத்தட்ட வசவு. தேயிலை ஓரப் புல்லில் நடக்கும்போது காலடியிலிருந்து காடைக் கூட்டம் வெடித்த மாதிரி கிளம்பும், உயிரே போய்வரும். அப்படிக் கிளப்பிவிட்டால் கூட வருகிறவர் முறைப்பார். ஆனால் பழைய பொருள் எங்களுடையதுதான். 13ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே சட்டென்று பாய்வது, பறவை விருட்டென எழுவது என்று இருந்திருக்கிறது. தண்ணீரெல்லாம் பிறகு வந்தது. சீட்டாட்ட ஃப்ளஷ் வேறு வீட்டுப் பிள்ளை என்கிறார்கள். லத்தீனில் ஒழுக்கு என்ற பொருளுள்ள சொல், பிரெஞ்சு வழியாக வந்ததாம். ஆனால் கதவு எப்படி இதில் சேர்ந்தது?

குன்னூர்க்காரன்:
அதையும் தேடினேன். ஆறு கரை தொட நிரம்பினால் தண்ணீரும் கரையும் ஒரே மட்டம் அல்லவா? அதிலிருந்து மேடு பள்ளமில்லாத எதற்கும் அந்தப் பெயர் போயிருக்கலாம் என்கிறார்கள். அப்பாவிடம் சொன்னேன். கதவை உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு, "ஓ, தண்ணிச் சமாச்சாரமா? அதான் ஐப்பசி மழைக்கு ஊறிக்கிட்டு சாத்தவே மாட்டேங்குது" என்றார்.