மலேசியா பினாங் கலிடோனியா ரப்பர் தோட்டத்து மொதலாளி ராம்ஸ்டன் தொர குடும்பத்த தேடிப் பாத்தவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

நிபோங் திபால் பேரன்:
எங்க தாத்தா கலிடோனியாவுல பால் வெட்டுனவரு, வாயத் தொறந்தா ராம்ஸ்டன் தொர கததான், அத கேட்டு வளந்ததுல இவங்க யாரு, இந்த செபராங் பிறையில (பினாங் மாநிலத்து பெருநிலப் பக்கம்) இவ்ளோ நெலம் எப்டி சேத்தாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். குடும்பத்த கண்டுபுடிக்கிறது ஈஸிங்க, சர் பட்டம் வாங்குன பரம்பரை, கல்யாணம் காரியம் எல்லாம் அச்சுலயே இருக்கு. எட்வர்ட் ஹார்ஸ்மன்னு ஒரு பிரிட்டிஷ் எம்பி இங்க கரும்புத் தோட்டம் வச்சிருந்தாரு, அவரு 1841ல கட்டுனது ராம்ஸ்டன் வீட்டு பொண்ணு. அவரு 1876ல செத்தப்புறம் தோட்டமெல்லாம் மச்சான் சர் ஜான் வில்லியம் ராம்ஸ்டன் பக்கம் போயிருச்சு. மச்சான் லேசுப்பட்ட ஆளு இல்ல, இங்கிலாந்துல ஹட்டர்ஸ்ஃபீல்டு டவுன்ல பெரும்பகுதி அவங்க குடும்பத்து சொத்து, 1920ல டவுன் கவுன்சிலே காசு குடுத்து வாங்கிக்கிச்சு!

நெலத்த தேடுறதுதான் தலவலி. லேண்ட் ஆபீஸ்ல போய் ராம்ஸ்டன்னு கேட்டா உதட்ட பிதுக்குவாங்க, ஏன்னா நெலம் கம்பெனி பேர்ல, கரும்பு காலத்துல பினாங் சுகர் எஸ்டேட்ஸ், பால்மரம் வந்தப்புறம் பினாங் ரப்பர் எஸ்டேட்ஸ். அதுவும் பினாங்குல முந்தி பத்திரம்தான், 1963ல சட்டம் போட்டுத்தான் கிராண்டுக்கு (அரசாங்கம் பதிஞ்சு குடுக்குற பட்டா) மாத்த ஆரம்பிச்சாங்க. அதனால தொர பேர விட்டுட்டு கம்பெனி பேரு, தோட்டத்து பேரு, முக்கிம் (வட்டாரம்) மேப்பு, இந்த மூணையும் புடிங்க.

சுங்கை பாக்காப் அக்கா:
தம்பி, கலிடோனியாவுல இருக்குற அந்த குடும்பத்து 99 கதவு பங்களாவ விட்டுட்டீங்களே. அந்த குடும்பத்து ஜான் செயின்ட் மோர் ராம்ஸ்டன சுட்டுக் கொன்னது அங்கதான், கம்யூனிஸ்ட் சண்டையால எமர்ஜென்சி (அவசரகாலம்) வந்த அதே 1948ல. பேய் கத கேக்கத்தான் எல்லாரும் போறாங்க, நான் ஒரு பழைய கிராணி (தோட்டத்து கிளார்க்கு) ஐயாவ பாக்கப் போனேன். அவரு சொன்னது வேற, "ஏம்மா, பெரட்டுல (காலைல ஆள் கணக்கெடுக்குற எடம்) வந்து நின்னவன் எல்லாம் மேனேஜர் தொர, மொதலாளி சீமையிலல்ல இருந்தான்"னாரு. அதனால உங்க தாத்தா சொன்ன ராம்ஸ்டன் தொர நெஜமாவே ராம்ஸ்டன்தானா, இல்ல மேனேஜரான்னு பாத்துக்கோங்க. சிங்கப்பூர் நேஷனல் லைப்ரரி பழைய பேப்பரெல்லாம் ஆன்லைன்ல போட்டிருக்கு, தோட்டத்து பேர போட்டா மேனேஜர் பேரு வரும்.

நிபோங் திபால் பேரன்:
நன்றிக்கா. தாத்தா சொன்ன வருஷத்த வச்சு பாத்தா சுடப்பட்ட அந்த ஜானேதான். இன்னொண்ணு, யார்க்‌ஷயர்ல அவங்க மாளிகை பேரு பைராம், நம்ம பக்கத்துலயும் பைராம் தோட்டம், தமிழ்ப்பள்ளி கூட இருக்கு! சொந்த வீட்டு பேர நம்ம காட்டுக்கு வச்சிட்டுப் போயிருக்காங்கன்னுதான் தோணுது. பைராம் லயத்துல பொறந்தவங்க யாராச்சும் பழைய செக்ரோல் (தோட்டத்து ஆளுங்க பேர், வேலை நாள் பதிவு) வச்சிருந்தா ஒரு போட்டோ புடிச்சு போடுங்க, 1910க்கு முன்னாடி ஒப்பந்தக் கூலியா வந்தவங்க பேரு இருந்தா ரொம்ப நல்லது, எங்க கொள்ளுத்தாத்தா அதுல இருக்கணும்.