புதுப்பிப்பு: நித்திரையில் ரீசெட் ஆகும் மேக்ஸ்17048, காரணம் பிடிபட்டது

பதில் எழுதின எல்லோருக்கும் நன்றி. புதிதாக வாசிப்பவர்களுக்கு: கிளிநொச்சிப் பக்கக் குளமொன்றில் நீர்மட்டம் பார்க்கும் பெட்டி. ஈஎஸ்பி32 (பெட்டியை இயக்கும் சிறு கணினிச் சிப்), எஸ்எம்எஸ் அனுப்ப ஜிஎஸ்எம் மொடம், ஒற்றை லித்தியம் செல். மின் மிச்சம்பிடிக்கும் நித்திரையால் பெட்டி எழும்பும்போது பற்றரி அளவு சிப் (மேக்ஸ்17048) ரீசெட் ஆகியிருக்கும்; பற்றரி வீதம் 61இலிருந்து 38க்குப் பாயும். ஏன் என்று கேட்டிருந்தேன்.

சிப்போடு பேசும் எஸ்டிஏ, எஸ்சிஎல் வயர்கள் இரண்டும் தாழ்ந்து கிடந்தால் சிப் தூங்கிவிடும் என்று ஒருவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த வசதியை நாமே இயக்கினால்தான் தூங்கும். இங்கே இயக்கவில்லை.

விடை தந்தது வவுனியா அண்ணா: "ஆர்ஐ பிட்டை அழிச்சுப்போட்டு, எஸ்எம்எஸ் போனாப்பிறகு ஒருக்கா வாசியும்." ஆர்ஐ என்பது சிப் ரீசெட் ஆனால் 1 ஆகும் அடையாள பிட். வாசித்தால் 1! ரீசெட் நித்திரையில் நடக்கவேயில்லை. அதற்குச் சற்று முன், மொடம் 2 அம்பியர் வரை இழுக்கும்போது வோல்ற்றளவு விழுகிறது. நிரல் எழும்பியதும் மட்டும் வாசிப்பதால் பழி நித்திரைமேல்.

சிப்பின் ரீசெட் எல்லை (வோல்ற்றளவு இதற்குக் கீழே போய் வந்தால் ரீசெட்) ஆரம்பத்தில் 3.0 வோல்ற். செல்லைக் கழற்றாத பெட்டிக்கு 2.5 அளவுக்கு இறக்கலாம். ஒரு படி 40 மில்லிவோல்ற். 62 என்றால் 2.48. அந்த எண்ணை ஒரு பிட் இடப்பக்கம் நகர்த்தி எழுதுங்கள், கடைசி பிட் வேறு வேலைக்கு.

எதிர்பாராதது: எல்லையை இறக்கியும் ரீசெட் குறைந்ததே தவிர நிற்கவில்லை. செல்லிலிருந்து வந்த மெல்லிய நீள வயரைத் தடித்ததாக, கட்டையாக மாற்றி, மொடத்தை ஒட்டி 1000 மைக்ரோபரட் கொள்ளளவி வைத்த பிறகுதான் நின்றது. அப்புறம், ரீசெட் ஆனால் எழுதிய எல்லையும் போய்விடும்; ஆர்ஐ 1 என்று கண்டால் திரும்ப எழுத வேண்டும்.