பொருள்: மெய்நிகர் இயந்திரத்தை ‘டிப்ளாய்’ செய்வதற்கு வெள்ளிக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

மண்டபத்திலிருந்து, திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம்.

மாலை வகுப்புக்கான செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. தொண்டி, பாம்பன், ஏர்வாடி என்று சிதறியிருக்கும் மாணவர்கள் அடைமழை நாளில் பஸ்ஸுக்குக் காத்து நிற்காமல் வீட்டிலிருந்தே பாடம் கேட்க, எங்களுக்கென்று ஒரு காணொளிக் கூட்ட வழங்கியை (சர்வர்) அமைக்கிறோம். மென்பொருள் ஜிட்சி மீட்.

வேலை இப்படி நடக்கும். மடிக்கணினியில் ஒரு மெய்நிகர் இயந்திரத்தை, அதாவது கணினிக்குள் மென்பொருளால் ஆன இன்னொரு கணினியை, உருவாக்கி, அதில் டெபியன் இயங்குதளத்தையும் ஜிட்சியையும் நிறுவுகிறோம். பிறகு முழு இயந்திரத்தையும் ஒரே ஓவிஏ கோப்பாகக் கட்டி, பென்டிரைவில் ராமநாதபுரம் கொண்டு போகிறோம். அங்குள்ள பெரிய கணினியில் அதை ஏற்றி, எத்தனை செயலிக் கருக்கள் (கோர்), எவ்வளவு நினைவகம் என்று கையால் ஒதுக்கி, முகவரி கொடுத்து, தரவு போய்வரும் வாயில்களான துறைகளைத் (போர்ட்) திறந்து, வேலைக்கு விடுகிறோம். ராமநாதபுரத்தில் நடப்பது முழுவதற்கும் சேர்த்துத்தான் ‘டிப்ளாய்’ என்கிறார்கள்.

மொழிபெயர்ப்புப் பொறி இதற்கு ‘வரிசைப்படுத்து’ என்று தருகிறது. சென்ற ஆண்டுக் கையேட்டில் அதையே போட்டிருந்தோம். “எத்தனை இயந்திரங்களை வரிசையில் வைக்க வேண்டும்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் கேட்டதில் தவறே இல்லை. சொல்தான் தவறு.

‘நிறுவு’ போதாதா என்று கேட்பீர்கள். போதாது. நிறுவல் எல்லாம் சரியாக முடிந்தது. இருவர் பேசினார்கள், படமும் குரலும் தெளிவாக வந்தன. மூன்றாமவர் நுழைந்த உடனே எல்லார் திரையும் கறுத்துவிட்டது. ஜிட்சியில் இருவர் மட்டும் இருந்தால் அவர்களுடைய கணினிகள் தமக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ளும். மூன்றாமவர் வந்த பிறகுதான் ஒளியும் ஒலியும் வழங்கியின் வழியாகப் போகத் தொடங்கும். அதற்கான யூடிபி 10000 என்ற துறையை யாரும் திறந்துவிடவில்லை. நிறுவியாகிவிட்டது, ஆனால் அந்த இன்னொன்றைச் செய்யவில்லை. அந்த இன்னொன்றுக்குத்தான் பெயர் கேட்கிறேன்.

கீழக்கரையிலிருந்து, செவ்வாய் காலை

அக்காவுக்கு வணக்கம். இருபது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். என்னைக் கேட்டால் ‘டிப்ளாய்’ என்றே எழுதுங்கள் என்பேன். உங்கள் மாணவர் நாளை வேலைக்குப் போகும் இடத்தில் அந்தச் சொல்தான் காதில் விழும். தமிழில்தான் வேண்டுமென்றால் ‘களமிறக்கு’. வேட்பாளரைக் களமிறக்கினார்கள், புதிய பந்துவீச்சாளரைக் களமிறக்கினார்கள் என்று நாளிதழில் அன்றாடம் படிக்கிறோம். அணியில் இருப்பது வேறு, ஆடுகளத்தில் நிற்பது வேறு. நீங்கள் கேட்கும் வேறுபாடும் அதுதான்.

இன்னொன்று: கையேட்டில் செயலிக் கருக்களைப் பற்றி அழுத்தமாக எழுதுங்கள். நான்கு கருக்கள் உள்ள கணினியில் மூன்று மெய்நிகர் இயந்திரங்களுக்குத் தலா நான்கு என்று தாராளமாக ஒதுக்குகிறார்கள். கோப்பு வழங்கி என்றால் ஓர் இமைப்பொழுது தாமதித்தாலும் யாருக்கும் தெரியாது. பேச்சு அப்படியல்ல, துண்டு துண்டாக அறுபடும்.

தொண்டியிலிருந்து, செவ்வாய் மாலை

அன்புடையீர், ‘களமிறக்கு’ போர்ச்சொல். பாடம் நடத்தும் கருவிக்கு அது எதற்கு? ‘நிலைநிறுத்து’ என்க. நில் என்னும் தன்வினையின் பிறவினை நிறுத்து. ஓரிடத்தில் நிலையாக நிற்கச் செய்வது என்பது எவ்வளவு தெளிவாக இருக்கிறது! வள்ளுவரும் இதைத்தான் சொன்னார்: “இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்.” எந்த வேலை, எந்தக் கருவி, யார் என்று மூன்றையும் ஆய்ந்து ஒப்படைப்பது. கருவும் நினைவகமும் ஒதுக்குவது அந்த ஆய்வின் பாற்படும்.

‘இயந்திரம்’ என்பதையும் விட்டுவிட முடியவில்லை. தொல்காப்பியர் ‘வடஎழுத்து ஒரீஇ’, அதாவது வடஎழுத்தை நீக்கி, என்றார். நம் முன்னோர் எழுதியது ‘எந்திரம்’. புறநானூற்றில் ‘கரும்பின் எந்திரம்’ வருகிறது. கையேட்டின் நான்காம் பகுதியில் வலைத்தொடர்பின் ‘நோட்’ என்பதற்குக் ‘கணு’ என்று எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. கணு என்பது கரும்புக்கும் மூங்கிலுக்கும் உரியது. கரும்புக்குக் கணு, கரும்பைப் பிழிய எந்திரம். இரண்டும் ஒரே வயலில் நின்ற சொற்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மெய்நிகர் எந்திரம், கணு, வழங்கி என்று எழுதினால் பிறமொழி வாடையே இராது. வழங்கிக்குச் சிலர் எழுதும் ‘சேவையகம்’ மட்டும் வேண்டாம்.

கீழக்கரையிலிருந்து, செவ்வாய் இரவு

புலவர் ஐயா, உங்கள் சொல்லை என் முன்னாலிருக்கும் திரையில் வைத்துப் பார்த்தேன். ‘தொடங்கு’, ‘நிறுத்து’ என்று இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. ‘வழங்கியை நிலைநிறுத்து’ என்று கையேட்டில் படித்த மாணவர் எந்தப் பொத்தானை அழுத்துவார்? நிறுத்து என்பதற்கு ‘ஓடுவதை நிற்கச் செய்’ என்ற பொருள்தான் இன்று முன்னால் வருகிறது. பஸ்ஸில் நடத்துநரிடம் ‘நிறுத்துங்கள்’ என்றால் அவர் எதையும் நிலைநாட்ட மாட்டார்.

தேவிப்பட்டினத்திலிருந்து, புதன் காலை

முதல் கடிதத்திலேயே ‘காணொளி’ என்று இருக்கிறதே, அதை யாரும் கவனிக்கவில்லையா? காண் + ஒளி என்றால் பார்க்கும் ஒளி மட்டும். குரல் எங்கே போயிற்று? காண் + ஒலி, காணொலி. காட்சியும் ஒலியும் அதில் அடங்கும். கூட்டத்தில் படம் போனாலும் குரல் இருந்தால் பாடம் நடக்கும். குரல் போனால் எதுவும் இல்லை.

களம் பற்றி: நெற்களமும் களம்தான், போர் என்று மட்டும் கொள்ள வேண்டாம். வாலிநோக்கத்தில் நாம் சொல்லும் உப்பளத்தின் ‘அளம்’ களத்தோடு உறவுடையதா என்று நெடுநாளாக யோசித்து வருகிறேன். இரண்டும் சமன் செய்த நிலம். இரண்டிலும் விளைச்சல் வந்து குவிகிறது. உறவு இருந்தால் வழங்கிகள் இருக்கும் அறைக்கே ‘அளம்’ என்று பெயர் வைக்கலாம். புலவர் ஐயா கருத்துச் சொல்ல வேண்டும்.

பாம்பனிலிருந்து, புதன் இரவு

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் முதல்முறையாக எழுதுகிறேன். அக்காவின் வகுப்பில் படித்தவன், அப்பாவுக்கு விசைப்படகு உண்டு.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். அந்த நாட்களில் படகைக் கரையேற்றிப் பழுது பார்த்து, பலகை மாற்றி, வண்ணம் பூசுவோம். முடிந்ததும் படகை ‘இறக்குவோம்’. கரையில் எல்லா வேலையும் முடிந்த படகும் கரையில் நிற்கும் படகுதான். தண்ணீரில் விட்ட பிறகுதான் எங்கே கசிகிறது என்று தெரியும். மூன்றாமவர் நுழைந்ததும் திரை கறுத்ததும் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

மடிக்கணினியில் செய்வது படகு கட்டுவது. ராமநாதபுரத்தில் செய்வது இறக்குவது. வலைத்தொடர்பில் ‘துறை’ என்று ஏற்கெனவே எழுதுகிறோம், ஆகவே ‘இறக்கு’ அதனோடு ஒட்டும். மூவரை வைத்துச் சோதிப்பதற்கு ‘வெள்ளோட்டம்’ என்ற சொல் காத்திருக்கிறது. வேலை முடிந்த இயந்திரத்தை எடுத்துவிடுவதற்குக் ‘கரையேற்று’. நான்கு சொற்களும் எங்கள் வீட்டில் பேசுகிற சொற்கள். கீழக்கரைக் காக்காவுக்கும் (அண்ணனுக்கும்) இவை புதியவை அல்ல.

மண்டபத்திலிருந்து, வியாழன் காலை

தம்பி, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வகுப்பில் சொன்னால் ஒரே நொடியில் புரியும் விளக்கம் இதுதான். ‘வெள்ளோட்டம்’ கையேட்டில் ஏறிவிட்டது, இனி யார் சொன்னாலும் எடுக்க மாட்டேன்.

‘இறக்கு’தான் இடிக்கிறது. இரண்டாம் படியில் ‘டெபியன் கோப்பைப் பதிவிறக்கு’ என்று இருக்கிறது, ஐந்தாம் படியில் ‘இயந்திரத்தை இறக்கு’ என்று வரும். பதிவிறக்கத்தை ‘இறக்கு’ என்றே சுருக்கிச் சொல்லிப் பழகிய பிள்ளைகள் கோப்பை மறுபடியும் பதிவிறக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ‘கடலிறக்கு’ என்று எழுதிப் பார்த்தேன். பரமக்குடியிலிருந்து வரும் மாணவிக்கு அது ஒட்டவில்லை.

இன்று இரவுக்குள் ஒவ்வொருவரும் ஒரு சொல்லைத் தேர்ந்து ஒரு வரி எழுதுங்கள். காணொளியா காணொலியா என்பதை அடுத்த பதிப்புக்கு வைத்துக்கொள்வோம்.

தொண்டியிலிருந்து, வியாழன் மாலை

ஒரு வரியில் அடங்காது, பொறுத்தருள்க. கடற்கரைச் சொல்லைத் திசைச்சொல் என்று ஒதுக்குவாரும் உண்டு, நான் ஒதுக்கமாட்டேன். ஆயினும் பழைய நூல்களில் இறங்குதலுக்கு வரும் சொல் ‘இழிதல்’. அதன் பிறவினை ‘இழிச்சு’. இன்று ‘இழி’ என்பதற்கு இழிவு என்ற பொருளே மேலோங்கிவிட்டது, அதனால் அதை மீட்க வழியில்லை. அளம், களம் உறவு பற்றி: ககரம் கெட்டதற்கு வேறு சான்றுகள் காட்டினால்தான் ஒப்புவேன். நங்கூரம் என்ற சொல்லை நல்லவேளையாக எவரும் முன்மொழியவில்லை, அது பாரசீக ‘லங்கர்’ நம் கரைக்கு வந்து திரிந்தது.

என் வாக்கு ‘நிலைநிறுத்து’. பொத்தானில் இருக்கும் ‘நிறுத்து’வைத்தான் ‘ஓய்வுறுத்து’ என்று மாற்ற வேண்டும்.

மண்டபத்திலிருந்து, வியாழன் நள்ளிரவு

எழுதியவர்கள் ஏழு பேர். களமிறக்கு 4, இறக்கு 2, நிலைநிறுத்து 1. எனக்கும் ‘இறக்கு’தான் பிடித்திருந்தது. ஆனாலும் ஐந்தாம் படியில் குழப்பம் வரும் என்பதால் ‘களமிறக்கு’வுக்கு வாக்களித்தேன்.

கையேட்டில் போகும் சொற்கள்: மெய்நிகர் இயந்திரம், வழங்கி, கணு, துறை, களமிறக்கு, வெள்ளோட்டம். இயந்திரத்தை எடுத்துவிடுவதற்குக் களத்தோடு ஒட்டிய சொல்லை யாரும் தரவில்லை. ‘களநீக்கு’ என்றால் தண்டனைபோல் இருக்கிறது. ஆகவே ஒன்பதாம் படியில் ‘கரையேற்று’ என்றே விட்டிருக்கிறேன்.

தொண்டியிலிருந்து, வெள்ளி அதிகாலை

களத்தில் இறங்கிய ஒன்று எப்படிக் கரையேறும்? அதுவுமன்றி, கரையேற்றுதல் பிறவிக்கடலிலிருந்து இறைவன் செய்வதாக அடியார்கள் பாடிய சொல். அச்சு ஏறுவதற்கு முன் ஒரு மணிநேரம் தாருங்கள்.

மண்டபத்திலிருந்து, வெள்ளி காலை

ஐயா, கோப்பு ஏழு மணிக்கே அச்சகத்துக்குப் போய்விட்டது. உங்கள் மறுப்பை அடுத்த பதிப்புக்கான கோப்பின் முதல் வரியாக எழுதி வைத்திருக்கிறேன். யூடிபி 10000 பற்றிய எச்சரிக்கையை ஐந்தாம் படியில் கட்டம் கட்டிப் போட்டாயிற்று. இன்று மாலை ஆறு மணிக்கு வெள்ளோட்டம். தம்பி, பாம்பனிலிருந்து மூன்றாவது ஆளாக நீதான் நுழைய வேண்டும்.