நிக்கான் டி7200 கேமரா, கையில் டி7000 புத்தகம்: மெனுவை எங்கிருந்து படிப்பது?

புதுக்கண்:
வணக்கம். கேமரா நிக்கான் டி7200, செகண்ட்ஹேண்டில் வாங்கியது. லென்ஸ் 18-140. கூடவே ஒரு வழிகாட்டிப் புத்தகமும் கிடைத்தது, ஆனால் அது டி7000க்கு எழுதியது. நிக்கான் தளத்திலிருந்து டி7200 கையேட்டின் பிடிஎஃப்பையும் இறக்கி வைத்திருக்கிறேன். இரண்டையும் முதல் பக்கத்திலிருந்து படித்தேன், எதுவும் மண்டையில் நிற்கவில்லை.

இப்போதைக்கு நான்கு சிக்கல். ஷட்டரைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் ஆகவே மாட்டேன் என்கிறது. புத்தகம் மெனுவில் எஃப்5 என்ற வரியைப் பார்க்கச் சொல்கிறது, என் கேமராவில் எஃப்5 என்றால் டயல் சம்பந்தமான ஏதோ ஒன்று. ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 200 வைத்து எடுத்தாலும் படத்தில் 1600, 3200 என்று வருகிறது. எச்டிஆர் (வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களை ஒன்றாக்கும் வசதி) மெனுவில் சாம்பல் நிறத்தில் இருக்கிறது, தேர்வு செய்ய முடியவில்லை. மோட் டயலில் சொந்த அமைப்புகளுக்கான யூ1ல் மாற்றி வைப்பதெல்லாம் அடுத்த முறை பார்த்தால் பழையபடி ஆகிவிடுகிறது.

எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிட்டால் சரியாகிவிடுமா?

கறுப்புவெள்ளை:
ரீசெட் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் சொன்ன நான்கில் ஒன்றுகூடப் பழுது இல்லை.

ஃபோகஸ்: முதலில் லென்ஸில் உள்ள ஸ்விட்ச் 'ஏ'வில் இருக்கிறதா, பாடியில் லென்ஸ் மவுண்ட்டுக்குப் பக்கத்தில் உள்ள நெம்புகோல் 'ஏஎஃப்'பில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் பென்சில் மெனுவில் (பென்சில் குறி போட்ட கஸ்டம் செட்டிங் மெனு) எஃப்4, 'அசைன் ஏஇ-எல்/ஏஎஃப்-எல் பட்டன்'. அதில் 'ஏஎஃப்-ஆன்' என்று இருக்கும், பந்தயமே கட்டலாம். அதைப் போட்டுவிட்டால் பின்பக்கத்துப் பொத்தானை அழுத்தினால்தான் ஃபோகஸ், ஷட்டருக்கு அந்த வேலை கிடையாது. முன்பு வைத்திருந்தவர் தெரிந்தே போட்டிருப்பார், நிறையப் பேருக்கு அந்த முறைதான் பிடிக்கும். 'ஏஇ/ஏஎஃப் லாக்' என்று மாற்றினால் பழைய வழக்கம் திரும்பிவிடும்.

புத்தகம் எஃப்5 என்று சொன்னதிலும் தப்பில்லை. டி7000ல் எஃப்1 என்பது விளக்கு ஸ்விட்ச்சுக்கு உரியது. டி7200ல் அந்த வரி கிடையாது, அதனால் கீழே உள்ளவை ஒவ்வொரு எண் மேலே ஏறிவிட்டன. எண்ணை நம்பாதீர்கள், பெயரைத் தேடுங்கள்.

ஐஎஸ்ஓ: ஷூட்டிங் மெனுவில் 'ஐஎஸ்ஓ சென்சிட்டிவிட்டி செட்டிங்ஸ்', அதற்குள் 'ஆட்டோ ஐஎஸ்ஓ சென்சிட்டிவிட்டி கன்ட்ரோல்' ஆனில் இருக்கும். அது ஆனில் இருக்கும்போது நீங்கள் வைத்த 200 வெறும் தரைமட்டம்தான். வெளிச்சம் போதவில்லை என்றால் கேமரா அங்கிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும். மினிமம் ஷட்டர் ஸ்பீடு 1/250 என்று யாராவது வைத்திருந்தால், வீட்டுக்குள் எஃப்/5.6 அப்பர்ச்சரில் 3200க்குப் போகாமல் வேறு வழியில்லை. ஐஎஸ்ஓ பொத்தானைப் பிடித்தபடி முன் டயலைத் திருப்பினாலும் இது ஆன், ஆஃப் ஆகும். தெரியாமல் மாறிவிடுவது பெரும்பாலும் அப்படித்தான்.

எச்டிஆர்: இமேஜ் குவாலிட்டியில் ரா (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) அல்லது ரா+ஜேபெக் இருந்தால் இந்தக் கேமராவில் எச்டிஆர் திறக்காது. ஜேபெக் மட்டும் வையுங்கள்.

யூ1: அங்கே போய் மாற்றினால் மட்டும் போதாது, சேமிக்க வேண்டும். மாற்றிய கையோடு, மோட் டயலைத் தொடாமல், ரெஞ்ச் மெனுவில் (ஸ்பேனர் குறி போட்ட செட்டப் மெனு) 'சேவ் யூசர் செட்டிங்ஸ்', யூ1, 'சேவ் செட்டிங்'. டயலைத் திருப்பிவிட்டால் மாற்றம் போய்விடும். ஃபோல்டர், கோப்புப் பெயர், மல்டிபிள் எக்ஸ்போஷர், இன்டர்வெல் டைமர் இவை யூ1ல் சேமிப்பாகாது, அவற்றை அதில் தேடவேண்டாம்.

நிழல்வெட்டு:
மேல சொன்னதெல்லாம் சரி. நான் புத்தகத்த எப்படிப் படிக்கறதுன்னு மட்டும் சொல்றேன், உண்மையான கேள்வி அதுதானே.

கஸ்டம் செட்டிங் அத்தியாயம்னா அது அகராதி மாதிரி. அகராதிய யாராச்சும் அட்டைலேர்ந்து அட்டை வரைக்கும் படிப்பாங்களா? கேமராவைக் கையில வச்சுக்கிட்டு, உங்களுக்கு இடிக்கிற விஷயம் ஒண்ண எடுத்துக்குங்க, அதோட பக்கத்த மட்டும் திறங்க.

மை மெனுவுக்குப் போய் கடைசில 'சூஸ் டேப்' இருக்கும், அத 'ரீசன்ட் செட்டிங்ஸ்'னு மாத்திடுங்க. நீங்க கடைசியா தொட்ட 20 அமைப்பும் அதுல வரிசையா வந்து உக்காந்துக்கும். படிக்கிற காலத்துல இது பெரிய உதவி. எத மாத்தினோம்னு மறந்துபோனா அங்க பாத்துக்கலாம். ரெண்டு வாரம் கழிச்சு அந்த லிஸ்ட்ல திரும்பத் திரும்ப வர்றது எதெதுன்னு பாத்து, அத மட்டும் மை மெனுல சேருங்க. அங்கயும் 20 வரைக்கும் போடலாம், ஆனா 7, 8க்கு மேல போட்டா மறுபடி தேடத்தான் வேண்டியிருக்கும்.

அடுத்தது, திரை ஓரத்துல '?' அடையாளம் தெரிஞ்சா டபிள்யூபி பொத்தான அழுத்துங்க, அந்த வரிக்கு விளக்கம் வரும். புத்தகம் வேற மாடலுக்கானதா இருந்தாலும் இந்த விளக்கம் உங்க கேமராவோடது.

மாத்தினது வேலை செய்யுதான்னு படத்துலயே பாக்கணும். பிளேபேக் மெனுல 'பிளேபேக் டிஸ்பிளே ஆப்ஷன்ஸ்', அதுல 'ஷூட்டிங் டேட்டா', 'ஓவர்வியூ' ரெண்டுக்கும் டிக் போட்டு ஓகே அழுத்தி வெளிய வாங்க. அப்புறம் படத்தப் பாக்கும்போது மேல கீழ அழுத்தினா எல்லா விவரமும் வரும். ஐஎஸ்ஓ எண் சிவப்புல இருந்தா அது ஆட்டோ ஐஎஸ்ஓ ஆன்ல எடுத்த படம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு அமைப்பு, ஒரே பொருள், மாத்தறதுக்கு முன்னாடி ஒரு படம், மாத்தின பிறகு ஒரு படம். மூணு நாலு சேத்து மாத்தினா எது என்ன பண்ணுச்சுன்னு சத்தியமா தெரியாது.

டி7000 புத்தகத்துல ஃபோகஸ் அத்தியாயத்த விட்டுடுங்க. அதுல 39 ஃபோகஸ் புள்ளி, உங்களதுல 51. டி7100 புத்தகம் எங்கயாவது பழைய புத்தகக் கடைல சிக்கினா வாங்கிக்குங்க, அதுலயும் 51தான், ரொம்பக் கிட்ட வரும்.

புதுக்கண்:
மிக்க நன்றி. எஃப்4ல் ஏஎஃப்-ஆன்தான் இருந்தது, மாற்றியதும் ஃபோகஸ் ஆகிறது. ஐஎஸ்ஓவும் எச்டிஆரும் சரியாகிவிட்டன. யூ1ல் சேமித்துவிட்டேன்.

புதிதாக ஒன்று: சில நேரம் ஷட்டரை முழுதாக அழுத்தினாலும் படமே எடுப்பதில்லை. வெள்ளைச் சுவர், மங்கலான அறை போன்ற இடங்களில். இன்னொன்று, மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது! போடலாமா?

கறுப்புவெள்ளை:
ஏஎஃப்-எஸ்ஸில் (அசையாத பொருளுக்கு ஒரு முறை ஃபோகஸ் பிடித்து நிறுத்தும் முறை) இருக்கிறீர்கள். பென்சில் மெனு ஏ2, 'ஏஎஃப்-எஸ் பிரயாரிட்டி செலக்ஷன்', அதில் 'ஃபோகஸ்' என்று இருந்தால் ஃபோகஸ் பிடிபடாதவரை கேமரா எடுக்காது. தொழிற்சாலை அமைப்பே அதுதான், அப்படியே விட்டுவிடுங்கள். வெள்ளைச் சுவரில் பிடிக்க ஒன்றுமில்லை. சுவிட்ச் பலகையின் விளிம்பு, கதவுச் சட்டம் என்று கோடு தெரியும் இடத்தில் புள்ளியை வையுங்கள். இதற்கு நேர் எதிர் ஏ1, ஏஎஃப்-சிக்கு (அசையும் பொருளைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் முறை) உரியது. அதில் தொழிற்சாலை அமைப்பு 'ரிலீஸ்'. ஃபோகஸ் ஆனாலும் ஆகாவிட்டாலும் எடுத்துத் தள்ளும். ஓடும் குழந்தைகளை எடுத்துவிட்டுப் பாதிப் படம் மங்கல் என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

தமிழ் மெனு இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. புத்தகமும் பிடிஎஃப்பும் ஆங்கிலப் பெயர்களைத்தான் சொல்கின்றன, கேமராவில் வேறு சொல் இருந்தால் ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்துத் தேட வேண்டிவரும்.

நிழல்வெட்டு:
இதுல மட்டும் ஒத்துக்க மாட்டேன். ஏ1, எஃப்4ங்கிற குறியீடு எந்த மொழிலயும் மாறாது. சரியான மாடலோட பிடிஎஃப்ப பக்கத்துல வச்சிருந்தா குறியீட்ட வச்சே வரிய கண்டுபிடிச்சிடலாம். '?' விளக்கத்த தமிழ்ல ஒரு தடவ படிச்சிட்டு ஆங்கிலத்துக்குத் திரும்பிட்டாலும் சரிதான். டி7000 புத்தகத்தோட படிக்கும்போது மட்டும் ஆங்கிலம் வச்சுக்குங்க, அங்கதான் எண் இடிக்கும். தமிழ்ல மாத்தறதுக்கு முன்னாடி ரெஞ்ச் மெனுல மொழி வரி எத்தனாவதுன்னு எண்ணி வச்சுக்குங்க.

பழையலென்ஸ்:
செகண்ட்ஹேண்ட் என்பதால் இரண்டு இடங்களைச் சேர்த்துப் பார்க்கவும், இரண்டும் ரெஞ்ச் மெனுவில். 'ஏஎஃப் ஃபைன்-டியூன்' (லென்ஸின் ஃபோகஸை முன்னோ பின்னோ நகர்த்தும் நுண்திருத்தம்): முந்தையவர் தன் லென்ஸுக்கு -20 முதல் +20க்குள் ஏதாவது மதிப்பு போட்டு வைத்திருக்கலாம். அவரிடமும் 18-140 இருந்திருந்தால், அந்தத் திருத்தம் உங்கள் லென்ஸுக்கும் விழும், ஃபோகஸ் எப்போதும் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ நிற்கும். 'ஆஃப்' செய்துவிட்டுச் சோதிக்கவும். பென்சில் மெனுவை ரீசெட் செய்தாலும் இது அழியாது. அடுத்தது 'காப்பிரைட் இன்ஃபர்மேஷன்': அவர் பெயர் அங்கே இருந்தால் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அது ஏறிக்கொண்டிருக்கலாம்.

ரீசெட் என்று கேட்டிருந்தீர்கள். பச்சைப் புள்ளி போட்ட இரண்டு பொத்தான்களையும் சேர்த்து 2 வினாடிக்கு மேல் பிடிப்பது ஒரு ரீசெட். ஐஎஸ்ஓ, குவாலிட்டி போன்றவை அதில் திரும்பும், எஃப்4 திரும்பாது. பென்சில் மெனுவுக்கு அதன் உச்சியிலேயே 'ரீசெட் கஸ்டம் செட்டிங்ஸ்' தனியாக இருக்கிறது. எதைச் செய்வதற்கு முன்பும் ரெஞ்ச் மெனுவில் 'சேவ்/லோட் செட்டிங்ஸ்' போய் சேமித்துவிடவும். முதல் ஸ்லாட்டில் உள்ள கார்டில் ஒரு கோப்பு விழும். அதைக் கணினியில் நகலெடுத்து வைக்கலாம், ஆனால் பெயரை மாற்றினால் கேமரா அதைத் திரும்ப ஏற்றாது. தேதி குறிக்க வேண்டுமானால் ஃபோல்டர் பெயரில் குறிக்கவும்.

புதுக்கண்:
ஃபைன்-டியூன் ஆனில்தான் இருந்தது, 18-140க்கு +8. ஆஃப் செய்து, மேசையில் ஸ்கேலைச் சாய்த்து வைத்து எடுத்தேன், இப்போது 15 செ.மீ. கோட்டில் சரியாக நிற்கிறது. காப்பிரைட்டில் ஒரு ஸ்டூடியோ பெயர் இருந்தது, அழித்துவிட்டேன்.