வெயில் கொளுத்துது, கூரையில சோலர் இருக்கு, ஆனா வீட்டில கரண்ட் இல்லை. பெட்டரி போடுறதா?

உப்புவெளிப் பொடியன்:
வணக்கம் எல்லாருக்கும். எங்கட வீடு திருகோணமலை உப்புவெளியில, கடல் கரைக்குக் கிட்ட. 2018ல அப்பா 5 கிலோவாட் சோலர் போட்டவர், நெட் எக்கவுண்டிங். பில் பக்கம் ஒரு குறையும் இல்லை. ஆனா லைன்ல கரண்ட் போனா சோலரும் சேந்து செத்துப் போகுது. நல்ல மத்தியான வெயில், பனல் எல்லாம் பளபளண்டு கிடக்கு, உள்ள ஃபேன் சுத்தாது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க கரண்ட் போச்சே, அண்டைக்கு அயலட்டச் சனம் எல்லாம் "உங்களுக்கு என்ன, சோலர் இருக்கு" எண்டு ஃபோன் சார்ஜ் போட வந்திட்டுதுகள், என்னத்தச் சொல்ல. பிறகு அந்த நவம்பர்ல டித்வா புயல் நேரம் இன்னும் மோசம், அம்மாவின்ட இன்சுலின் ஃபிரிட்ஜில, ஐஸ் தேடி அலைஞ்சம்.

இப்ப ஒரு கொம்பனி ஆள் வந்து 10 கிலோவாட் அவர், அதாவது 10 யூனிட், லித்தியம் பெட்டரி போடுங்கோ, முழு வீடும் ஏசியோட ஓடும், சில வருசத்திலயே போட்ட காசு திரும்பி வந்திரும் எண்டு சொல்லிட்டுப் போறார். அப்பாவும் அதைப் பிடிச்சிட்டார், ஏனெண்டா ஏழு வருசம் முடிஞ்சு, மிஞ்சின யூனிட்டுக்குச் சபை தாற 22 ரூபா இப்ப 15.50 ஆயிட்டு, அந்த விலைக்கு விக்கிறதிலும் பார்க்க பெட்டரியில வச்சு நாங்களே பாவிக்கலாம் எண்டு கணக்குப் போடுறார். இது சரி வருமா? ஆராவது போட்ட ஆக்கள் சொல்லுங்கோ.

வயரிங் மாமா:
தம்பி, முதல் விசயம், உங்கட சோலர் பழுது இல்லை. பனல் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்திற உங்கட இன்வேட்டர் லைன்ல இருக்கிற கரண்டப் பாத்து அதோட ஒத்துப் போற மாதிரித்தான் வேலை செய்யும். லைன் செத்தா அதுவும் உடனே நிக்கோணும், அது சட்டம். இல்லாட்டி போஸ்டில ஏறி வேலை செய்யிற பெடியனுக்கு உங்கட கூரையில இருந்து அடிக்கும். அதால வெயிலுக்கும் அதுக்கும் சம்மந்தம் இல்லை. கரண்ட் இல்லாத நேரம் ஓடோணும் எண்டா பனலையும் பெட்டரியையும் சேத்து ஓட்டுற ஹைபிரிட் இன்வேட்டர் வேணும், இல்லாட்டி இருக்கிற இன்வேட்டருக்குப் பக்கத்தில பெட்டரிக்கு எண்டு தனி இன்வேட்டர் வைக்கோணும். எது செய்தாலும் முதல்ல மின்சார சபையில கதைச்சுப் போட்டுச் செய்யுங்கோ, அக்ரிமென்ட்டில இருக்கிற இன்வேட்டரச் சொல்லாமக் கொள்ளாம மாத்தாதேங்கோ.

நிலாவெளிக் காத்து:
அப்பாவின்ட கணக்கில ஒரு ஓட்டை இருக்கு, அதை முதல்ல சொல்லிட்டு வாறன். நெட் எக்கவுண்டிங்ல பகல் நீங்க லைனுக்குக் குடுத்த யூனிட்டையும் ராவில எடுத்த யூனிட்டையும் மாச முடிவில கழிச்சுப் பாத்து மிஞ்சினதுக்குத்தான் காசு. அப்ப ராவில நீங்க எடுக்கிற ஒவ்வொரு யூனிட்டும் பகல் குடுத்த யூனிட்டோட நேருக்கு நேர் கழிபடுது. அதாவது லைனே உங்களுக்கு செலவில்லாத பெட்டரி. அதை விட்டிட்டு காசு குடுத்து பெட்டரி வாங்கி அதுக்குள்ள போட்டு எடுத்தா ஏத்தி இறக்கிறதில பத்து வீதம் போல சூடாப் போயிடும். 22 ஆனாலும் 15.50 ஆனாலும் இது மாறாது, ஏனெண்டா அந்த விலை மிஞ்சின யூனிட்டுக்கு மட்டும்தான். ஆக இந்த ஸ்கீமில இருக்கிறவனுக்கு பெட்டரி காசு உழைச்சுத் தராது. போட்ட காசு திரும்பி வரும் எண்டு சொல்லுறவரிட்ட எப்பிடி வரும் எண்டு ஒரு கடுதாசியில எழுதித் தரச் சொல்லுங்கோ, எழுத மாட்டார். பின்னேரம் உச்ச நேரத்தில பெட்டரியில இருந்து லைனுக்குக் குடுத்தா கூடின விலை எண்டு 2025ல ஒரு திட்டம் சொன்னவை, அது வேற அக்ரிமென்ட், அதுக்குப் போறதெண்டா தனியா விசாரியுங்கோ.

அப்ப எதுக்குப் போடுறது? கரண்ட் இல்லாத ராவுக்கு. இன்சுலின் இருக்கிற வீட்டில அது காணும், வேற காரணம் தேவையில்லை. ஆனா அப்ப அளவும் அந்த ராவைப் பாத்துத்தான் எடுக்கோணும், முழு வீட்டையும் பாத்து இல்லை.

பொழுதுபட்டதில இருந்து விடியுமட்டும் என்ன ஓடோணும் எண்டு பாருங்கோ. ஃபிரிட்ஜ் முக்கால் யூனிட் போல எடுக்கும். சாதாரண சீலிங் ஃபேன் 70 வாட், மூண்டு ஃபேன் ஒன்பது மணித்தியாலம் ஓடினா ரெண்டு யூனிட்டுக்குக் கிட்ட. எல்இடி லைட், வைஃபை, கொஞ்ச நேரம் டிவி, எல்லாம் சேத்து முக்கால் யூனிட். மொத்தம் மூண்டரை. 51.2 வோல்ட் 100 ஆம்பியர் லித்தியம் பெட்டரி ஒண்டு 5.1 யூனிட், எண்பது வீதம் இறக்கி, இன்வேட்டர் தின்னுறதையும் கழிச்சா மூண்டே முக்கால் போல கைக்கு வரும். ஒரு பெட்டரி காணும். அந்த மூண்டு ஃபேனையும் கரண்ட் குறைவா எடுக்கிற 30 வாட் பிஎல்டிசி ஃபேனா மாத்தினா இன்னும் தாராளம், பெட்டரியப் பெருசாக்கிறதிலும் பார்க்க மலிவு. ஏசிய அதில கொழுவினா ஒரு ராவுக்கு அதுவே நாலு யூனிட் குடிச்சிடும், அதாலதான் அவர் 10 எண்டு சொன்னவர்.

இன்னொண்டு, சித்திரை வெயிலப் பாத்துக் கணக்குப் போடாதேங்கோ. எங்கட பக்கம் மாரி அக்டோபர்ல துவங்கினா ஜனவரி வரைக்கும் இழுக்கும், புயலும் அப்பத்தான், கரண்ட் போறதும் அப்பத்தான். என்ட 5 கிலோவாட் வெயில் காலத்தில இருபது யூனிட் தாறது, மழை மூடின நாளில ஆறு ஏழுக்கு இறங்கும். அதுக்குள்ள பகல் பாவனையும் போய் பெட்டரியும் நிரம்போணும். ஒரு பெட்டரி எண்டா அண்டைக்கும் நிரப்பி எடுக்கலாம், ரெண்டு எண்டா அரைகுறையா நிண்டிடும்.

கிண்ணியா நானா:
அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் லித்தியம் லித்தியம் எண்டு சொல்றீங்க, எங்கட வீட்டுல இன்னும் தண்ணி ஊத்துற பழைய டியூபுலர் பெட்டரிதான், 150 ஆம்பியர் ஒண்டு, சின்ன இன்வேட்டர், லைட்டும் ரெண்டு ஃபேனும் ஓடுது. 2022ல பதிமூணு மணித்தியாலம் கரண்ட் வெட்டின நேரம் உம்மாவ அதுதான் காப்பாத்தினது. பாதிக்குக் கீழ இறக்கக் கூடாது, தண்ணி பாத்து விடணும், அவ்வளவுதான் வேலை. தம்பிக்கு ஃபிரிட்ஜ் ஓடணும் எண்டா இது பத்தாது, அது சரி, ஆனா வெறும் லைட் ஃபேனுக்கு நிக்கிற ஆக்கள் பேங்க்ல கடன் எடுத்துக்கிட்டு ஓடத் தேவையில்ல.

உப்புவெளிப் பொடியன்:
நன்றி அண்ணாமார். அப்பாவுக்கு அந்தக் கழிக்கிற கணக்க வாசிச்சுக் காட்டினன், ஒண்டும் கதைக்கேல்லை, பில் எல்லாத்தையும் எடுத்து வச்சுக் கூட்டிக்கொண்டு இருக்கிறார் 😄 இன்னும் ரெண்டு கேள்வி. கிணத்து மோட்டர் ஒரு குதிரை வலு, அதையும் பெட்டரியில குடுக்கலாமா? மற்றது பெட்டரிய எங்க வைக்கிறது, கொம்பனி ஆள் பின்பக்கத்து சீற் கூரைக்குக் கீழ எண்டு சொன்னவர்.

வயரிங் மாமா:
மோட்டரக் குடுக்காதேங்கோ. ஓடேக்க 1100 வாட் போலதான், ஆனா ஸ்டார்ட் எடுக்கிற அந்த நொடியில நாலஞ்சு மடங்கு இழுக்கும். கன பெட்டரிக்கு தொடர்ந்து குடுக்கிற அளவே 50 ஆம்பியர்தான், அதாவது ரெண்டரை கிலோவாட், அதைத் தாண்டினா பெட்டரிக்குள்ள இருக்கிற காவல் போர்ட் தன்ட பாட்டில வெட்டிடும், பிறகு ஃபிரிட்ஜும் நிக்கும். மேல டாங்கிய நிரப்பி வச்சா ஒரு நாள் சமாளிக்கலாம் தானே. வீட்டு மெயின் போர்டப் பிரிக்கிறதுதான் இதில பெரிய வேலை. ஃபிரிட்ஜ், ஃபேன், லைட், வைஃபை, அம்மாவின்ட அறை பிளக், இதுகளை மட்டும் தனி டீபிக்கு (பிரேக்கர் பெட்டி) எடுத்து இன்வேட்டரின்ட பெக்கப் பக்கத்தில குடுக்கோணும். மோட்டர், ஏசி, அயன் பொக்ஸ், கேத்தில் மற்றப் பக்கம். பழைய வீடெண்டா நியூட்ரல் வயர் எல்லாம் ஒண்டாக் கட்டி இருப்பினம், அதைப் பிரிக்காம விட்டா டிரிப் அடிச்சுக்கொண்டே இருக்கும். விலை கேக்கேக்க இந்த வேலையும் சேத்தோ எண்டு கேளுங்கோ.

சீற்றுக்குக் கீழ வேண்டவே வேண்டாம், மத்தியானம் போறணை மாதிரி இருக்கும். லித்தியத்துக்கு சூடுதான் எமன். உள்ள சிவர்ப் பக்கம், காத்துப் படுற இடம், வெள்ளம் வந்தா நனையாத உயரத்தில.

நிலாவெளிக் காத்து:
கடலுக்குக் கிட்ட எண்டதால ஒண்டு. எட்டு வருசம் பழசு எண்டா ஆளை ஏத்தி பனலுக்குக் கீழ இருக்கிற போல்ட் நட்டப் பாக்கச் சொல்லுங்கோ, உப்புக் காத்தில கறள் பிடிச்சிருக்கும். மாத்திறதெண்டா 316 தர ஸ்டெயின்லெஸ் கேளுங்கோ, சாதாரண 304 தரம் எங்கட பக்கம் கன காலம் நிக்காது. எர்த் கம்பியையும் அளந்து பாருங்கோ, சித்திரையிலயும் ஐப்பசியிலயும் இடி அடிக்கேக்க மின்னல் கரண்டை மண்ணுக்கு இறக்கிற சேர்ஜ் அரெஸ்டர் இருந்தும் எர்த் இல்லாட்டி பிரயோசனம் இல்லை.

பாலையூற்று அக்கா:
நடுவில வாறதுக்கு மன்னிக்கோணும். எங்களுக்குப் பெட்டரி இல்லை, சோலர் மட்டும்தான், ஆனா ஞாயிற்றுக்கிழமைகளில பன்னிரண்டு மணி போல கரண்ட் இருக்கேக்கயே இன்வேட்டர் தானா நிண்டு நிண்டு வருது. ரெட் லைட் பத்துது. இதுவும் பழுதோ?

வயரிங் மாமா:
தங்கச்சி, அது வோல்டேஜ் கூடி நிக்கிறது. 230க்கு ஆறு வீதம் மேல, 244 மட்டுக்கும்தான் எங்கட நாட்டில அளவு. ஞாயிறு கடை கந்தோர் பூட்டு, பாவனை குறைவு, றோட்டில இருக்கிற எல்லாற்ற கூரையும் ஒரே நேரம் தள்ளுது, ஏறத்தான் செய்யும். இன்வேட்டர் ஸ்கிரீன்ல அந்த நேரம் எத்தினை வோல்ட் காட்டுது எண்டு ஒரு படம் எடுத்துப் போடுங்கோ. இன்வேட்டர்ல இருந்து மீட்டருக்கு வாற வயர் மெல்லிசா இருந்தாலும் அதில ரெண்டு மூண்டு வோல்ட் கூடும், அதை மாத்தினா சில வீட்டில சரி வாறது. லைனிலயே கூட எண்டா படத்தோட சபையில முறைப்பாடு குடுங்கோ. இன்வேட்டருக்குள்ள வோல்டேஜ் செட்டிங்க ஏத்தி விடுறன் எண்டு ஆரும் வந்தா விடாதேங்கோ.