அப்புச்சி வீடு 🏡 குழு: ஜெர்மனி கிரைண்டருக்கு பிளக்

சனி, காலை 7:10

கார்த்தி: [படம்] [படம்]

கார்த்தி: ஆங்கிள் கிரைண்டர், ஜெர்மனில வாங்கினது. ஒயரோட சேர்த்து ரப்பர்ல வார்த்த ரெண்டு பின் பிளக். நம்ம 5 ஆம்ப் சாக்கெட்டுல போகுது, ஆனா ஆடுது. வெட்டிட்டு நம்மூரு பிளக் டாப் மாட்டிக்கலாமுங்களா?

செந்தில் மாமா: பிளக்கை அப்புறம் பாக்கலாம் மாப்ள. மெஷின் மேல ஒட்டியிருக்கிற பிளேட்டைப் போட்டோ எடுத்துப் போடு

கார்த்தி: [படம்]

கார்த்தி: 230 வோல்ட், 50-60 ஹெர்ட்ஸ், 1400 வாட், 11,000 ஆர்.பி.எம். ஒரு கட்டத்துக்குள்ள இன்னொரு சின்ன கட்டம் போட்டிருக்கு

செந்தில் மாமா: அப்ப வெட்டலாம். வோல்ட்டு நம்ம வோல்ட்டுதான்

தேவி அக்கா: வெட்டறதுக்கு முன்னாடி வாரண்டி பேப்பரைப் படிச்சுக்கோ கார்த்தி. வார்த்த பிளக்கை வெட்டினா சில கம்பெனி வாரண்டி தராது. அந்த வாரண்டி இந்தியாவுல செல்லாதுன்னா கவலையே இல்ல

கார்த்தி: செல்லாதுக்கா, பாத்துட்டேன். ஆனா 4 நாள் அப்படியே சொருகி ஓட்டியாச்சு. ஓடத்தான் செஞ்சுது

தேவி அக்கா: ஓடும். அந்த பின் 4.8 மி.மீ தடிமன். நம்ம 6 ஆம்ப் சாக்கெட் 5.1 மி.மீ பின்னுக்கு செஞ்சது. ரெண்டுலயும் பின்னுக்குப் பின் இடைவெளி 19 மி.மீதான், அதனால உள்ள போயிருது. 0.3 மி.மீ என்ன பெருசுன்னு தோணும். உள்ள இருக்கிற பித்தளை இதழ் பின்னைச் சுத்திக் கவ்வாம ஒரு ஓரத்துல மட்டும் தொடும். மொத்த ஆம்பியரும் அந்த ஒரு புள்ளி வழியாத்தான் போகணும். அது சூடாகும், சூடான இதழ் ஸ்பிரிங் போய் விரிஞ்சுரும், அப்புறம் சரியான 6 ஆம்ப் டாப் மாட்டினாலும் அந்த சாக்கெட் கவ்வாது. கிரைண்டர் ஒயரை இழுத்து ஆட்டிக்கிட்டே வேலை செய்யிற மெஷின் வேற

பாலு சித்தப்பா: சாக்கெட் ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாரு கண்ணு. ஓரம் பழுப்பாவோ கருப்பாவோ இருந்தா சாக்கெட்டையும் மாத்திரு. புது டாப் போட்டும் அது சூடாத்தான் செய்யும்

பாலு சித்தப்பா: ரெண்டு பின் எப்படி உள்ள போச்சு? ஓட்டையை உள்ள இருந்து மூடற ஷட்டர் இருக்குமே. எர்த் ஓட்டைல ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினியா?

கார்த்தி: 🙈 பேனா

பாலு சித்தப்பா: நெனச்சேன். எர்த் பின் நீளமா இருக்கறது எர்த் முதல்ல சேரத்தான், அந்த ஷட்டரைத் திறக்கறதும் அதுதான். பேனாவை வீட்டுல சின்னதுக பாத்தா அடுத்து அதுக ஆணி விடும்

காலை 7:32

கார்த்தி: சரிங்க சித்தப்பா. இப்ப 6 ஆம்ப் டாப்பா, 16 ஆம்ப் டாப்பா?

பாலு சித்தப்பா: 1400ஐ 230 ஆல வகு. 6.1 ஆம்ப். கணக்குலயே 6 ஆம்ப் தாண்டிருச்சு, தட்டு அழுத்தி வெட்டறப்ப இன்னும் ஏறும். 16 ஆம்ப் டாப்தான். நாம 5 ஆம்ப், 15 ஆம்ப்னு பழக்கத்துல சொல்றோம், டாப்ல 6ன்னும் 16ன்னும்தான் அச்சடிச்சிருக்கும். ஐ.எஸ்.ஐ முத்திரையும் ஐ.எஸ். 1293ங்கற நம்பரும் இருக்கான்னு பாத்து வாங்கு

செந்தில் மாமா: 600, 700 வாட் டிரில்லா இருந்தா 3 ஆம்ப்தான், 6 ஆம்ப் டாப் தாராளம். எல்லாத்துக்கும் பெரிய டாப் போடோணும்னு இல்ல

பாலு சித்தப்பா: வாங்கறப்ப கையில தூக்கிப் பாரு. பின் கெட்டி பித்தளையா இருந்தா கனமா இருக்கும். தகடைச் சுருட்டி பின் மாதிரி பண்ணினது லேசா இருக்கும், வேண்டாம். ஒயரைப் பிடிக்கிற கிளாம்ப் ரெண்டு ஸ்க்ரூவோட இருக்கோணும்

கார்த்தி: டிராவல் அடாப்டர் ஒன்னு இருக்கு, அது ஆகாதுங்களா?

தேவி அக்கா: போன் சார்ஜருக்கு ஆகும். கிரைண்டருக்கு வேண்டாம். உள்ள மெல்லிசான தகடுதான், கனமான பிளக் தொங்கினா பாதி கழண்டு நிக்கும். இன்னொரு ஆபத்தும் இருக்கு. எர்த் உள்ள ஜெர்மன் மெஷினுக்கு பிளக்கோட பக்கவாட்டுல ரெண்டு பித்தளைப் பட்டை இருக்கும், எர்த் அதுதான். நம்ம சாக்கெட்டுலயும் பெரும்பாலான அடாப்டர்லயும் அந்தப் பட்டையைத் தொட ஒன்னும் கிடையாது. மெஷின் ஓடும், ஆனா எர்த் இல்லாம ஓடும். பாடில கரண்ட் இறங்கற அன்னைக்குத்தான் தெரியும். டேபிள் சா, தண்ணி விட்டு டைல் அறுக்கற மெஷின் வெச்சிருக்கவங்க கவனம்

கார்த்தி: இந்த கிரைண்டர் ஒயர்ல ரெண்டே கம்பிதான்க்கா. பிரவுன், நீலம். எர்த் எங்க?

தேவி அக்கா: கட்டத்துக்குள்ள கட்டம்னு சொன்னியே, அது டபுள் இன்சுலேஷன் குறி. அந்த மெஷினுக்கு எர்த் கிடையாது, கொடுக்கவும் கூடாது. டாப்ல எர்த் டெர்மினல் காலியாவே இருக்கட்டும்

பாலு சித்தப்பா: காலியா விட்டாலும் அந்த ஸ்க்ரூவை இறுக்கி வெச்சுரு. கிரைண்டர் அதிர்வுக்கு அது கழண்டு உள்ள உருண்டா நேரா ஷார்ட்டு. நீலத்துல இருந்து ஒரு துண்டு ஒயர் எடுத்து எர்த்துக்கும் லூப் அடிக்கிற ஆளுக இருக்காங்க, அந்த வேலை வேண்டவே வேண்டாம். வழியில எங்காவது நியூட்ரல் விட்டுப் போச்சுன்னா எர்த் பின்னுல 230 வந்து நிக்கும்

காலை 8:05

பிரபு (டல்லாஸ்): நல்ல நேரம். டிசம்பர்ல வரும்போது மைட்டர் சா (மரத்தைக் கோணத்துல அறுக்கற மெஷின்) கொண்டு வரலாம்னு இருக்கேன். 120 வோல்ட், 15 ஆம்ப், 60 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும் மாத்தினா போதுமா?

செந்தில் மாமா: போதாது. சொருகின அடுத்த நிமிசம் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள்ள சுத்தற காயில்) கருகி ரிப்பேருக்கு என் கடைக்கு வந்துரும்

செந்தில் மாமா: கையில புடிக்கிற மெஷின்லயும் மைட்டர் சாலயும் இருக்கறது கார்பன் பிரஷ் மோட்டார். 50, 60 ஹெர்ட்ஸ் வித்தியாசம் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. வோல்ட்டுதான் விஷயம். 120க்குச் சுத்தின காயிலுக்கு 230 கொடுத்தா வேகம் தாறுமாறா ஏறும், பிரஷ் உரசற கம்யூட்டேட்டர்ல நெருப்பு வளையம் சுத்தும், காயில் வார்னிஷ் உருகும். அதுக்கு முன்னாடி பிளேடு அதோட எழுதின வேகத்தைத் தாண்டிருச்சுன்னா பக்கத்துல நிக்கறவனுக்கு ஆபத்து

பிரபு (டல்லாஸ்): ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர்?

செந்தில் மாமா: ஆகும். 120ஐ 15 ஆல பெருக்கினா 1800, அதாவது 1.8 கே.வி.ஏ. 2 கே.வி.ஏ போதும்னு கடைக்காரன் சொல்லுவான். ஸ்விட்ச் போடறப்ப பல மடங்கு இழுக்கும், 3 கே.வி.ஏவா எடு. எடை என்னன்னு பாத்துட்டு முடிவு பண்ணு, தூக்கிட்டு அலையற சாமான் இல்ல அது. மலிவா இருக்கேன்னு ஒரே வைண்டிங் உள்ள ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினா பேஸும் நியூட்ரலும் மாறிக் கிடக்கிற சாக்கெட்டுல சொருகிறாத. வெளிய 110 காட்டும், ஆனா ஒரு கம்பி தரைக்கு 230ல நிக்கும். தனித்தனி வைண்டிங் உள்ளதா கேட்டு வாங்கு

செந்தில் மாமா: என்னைக் கேட்டா அதை அங்கயே வித்துட்டு இங்க ஒன்னு வாங்கு

பிரபு (டல்லாஸ்): 😅 பேட்டரி டிரில் சார்ஜர்?

தேவி அக்கா: பிளேட்டைப் படி பிரபு. 100-240 வோல்ட்னு இருந்தா பிளக் மட்டும் மாத்தினாப் போதும். அங்க விக்கிற டூல் சார்ஜர் நெறைய 120 மட்டும்தான். லேப்டாப் சார்ஜர் மாதிரி இருக்கும்னு நம்பி சொருகிறாத

பாலு சித்தப்பா: பழைய சாமான் கடையில லண்டன் கட்டட சைட்டுல ஓடின மெஷின் கெடச்சாலும் இதே கதை. மஞ்சக் கலர் உருண்டை பிளக் இருந்தா 110 வோல்ட்டு, நீலம் 230. மஞ்சளை வெட்டி எறிஞ்சு நம்ம டாப் மாட்டின மெஷினும் விக்கிறாங்க. அதனால டாப்பைப் பாக்காத, பிளேட்டைப் பாரு. பிளேட் சுரண்டியிருந்தா வாங்காத

ரமேஷ் அண்ணா (தம்மாம்): அப்ப இங்க இருந்து பெஞ்ச் கிரைண்டர் அனுப்பினா? 220 வோல்ட்டுதான், மூணு சதுரப் பின்

செந்தில் மாமா: சவூதி 60 ஹெர்ட்ஸ் ரமேசு. பெஞ்ச் கிரைண்டர்ல பிரஷ் இல்லாத இண்டக்ஷன் மோட்டார். பிளேட்ல 60 மட்டும் போட்டிருந்தா இங்க 50ல ஆறுல ஒரு பங்கு வேகம் குறையும், 3500 சுத்தறது 2900தான் சுத்தும். வேகம் குறைஞ்சா பரவால்ல, சூடு ஏறும், அதுதான் தொல்லை. 50/60ன்னு போட்டிருந்தா தயங்காம அனுப்பு. காம்ப்ரசருக்கும் இதே

பாலு சித்தப்பா: அந்த சதுரப் பின் டாப்புக்குள்ள ஃபியூஸ் ஒன்னு இருக்கும், 3 ஆம்ப் இல்லாட்டி 13. நம்ம டாப்ல அது கிடையாது. அதனால அந்த மெஷினைச் சரியான எம்.சி.பி (கரண்ட் கூடினா தானா விழற ஸ்விட்ச்) உள்ள லைன்லதான் சொருகோணும். பெஞ்ச் கிரைண்டர் பாடி இரும்பு, மூணு கம்பி வரும். பச்சை-மஞ்சளை மறக்காம எர்த்துல கொடு. அந்தக் கம்பியை மத்த ரெண்டை விட 1 செ.மீ நீளமா விடு. யாராவது ஒயரைப் புடிச்சு இழுத்தா கடைசியா கழல்றது எர்த்தா இருக்கோணும்

காலை 9:40

கார்த்தி: டாப் வாங்கிட்டேன். 16 ஆம்ப், 3 பின். வெட்டிட்டேன்

பாலு சித்தப்பா: கண்ணு, முதல்ல டாப் மூடியை ஒயர்ல கோத்துக்கோ. எல்லாம் முறுக்கின பின்னாடி மூடி மேசை மேல இருந்தா எல்லாத்தையும் கழட்டோணும்

பாலு சித்தப்பா: வெளி ரப்பரை 3 செ.மீ போல உரி, உன் டாப்புல வெச்சு அளந்துக்கோ. கத்தியைச் சுத்தி லேசா ஓட்டு, அப்புறம் ஒயரை வளைச்சா ரப்பர் தானா வாய் பிளக்கும். ஆழமா வெட்டினா உள்ள பிரவுன் மேல கீறல் விழும். விழுந்துச்சுன்னா டேப் சுத்தாத, அந்த அளவு வெட்டி எறிஞ்சுட்டு மறுபடி ஆரம்பி. உள் கம்பியை 8 மி.மீ உரி. ஒரு இழை கூட அறுபடக் கூடாது

கார்த்தி: நுனிக்கு ஈயம் வெச்சுரட்டுங்களா? இழை பிரியுது

பாலு சித்தப்பா: வேண்டாம்

தேவி அக்கா: ஈயம் மெத்து உலோகம். ஸ்க்ரூ அழுத்தத்துல நாள்பட நகர்ந்து கொடுக்கும், ஸ்க்ரூ தானா லூஸாயிரும். பின் டைப் லக் (கம்பி நுனில மாட்டற உலோக முனை) 1 ஸ்கொயர் எம்.எம் அளவுல வாங்கி கிரிம்ப் பண்ணு, அதாவது நசுக்கிப் பிடிக்க வை. கிடைக்கலைன்னா இழையை முறுக்கி, மடிச்சு ரெட்டையாக்கி ஓட்டைல விடு. ஸ்க்ரூவுக்கு அடில சுத்தற மாதிரி டெர்மினல்னா கடிகாரம் சுத்தற பக்கமா சுத்து, இறுக்கறப்ப ஒயர் உள்ள இழுபடும். எதிர்ப்பக்கம் சுத்தினா வெளிய தள்ளும்

தேவி அக்கா: பிரவுன் எல் (பேஸ்), நீலம் என் (நியூட்ரல்). டாப்புக்குள்ள எழுத்து இருக்கும், அதைப் பாத்து மாட்டு

கார்த்தி: மாத்திக் கொடுத்துட்டா ரிவர்ஸ்ல சுத்துமா?

செந்தில் மாமா: சுத்தாது. ஏசில ஃபீல்டு (வெளிய சுத்தாம நிக்கிற காயில்), ஆர்மேச்சர் ரெண்டுலயும் கரண்ட் ஒன்னாத்தான் திரும்பும், திசை மாறாது. ஆனா ஒத்தைக் கம்பியை மட்டும் வெட்டற ஸ்விட்சா இருந்தா, ஆஃப் பண்ணின பின்னாடியும் காயில்ல பேஸ் நிக்கும். சரியாவே மாட்டிரு

காலை 10:25

கார்த்தி: [படம்] எப்படி இருக்கு?

செந்தில் மாமா: கிளாம்ப்பைப் பெருசாக்கிப் பாருங்க மச்சான்

பாலு சித்தப்பா: பாத்துட்டேனுங்க. கண்ணு, கிளாம்ப் பிரவுனையும் நீலத்தையும் கடிச்சுட்டு நிக்குது. வெளி ரப்பர் கிளாம்ப்புக்கு வெளியவே நின்னு போச்சு. இழுப்பு மொத்தமும் ரப்பர் மேலதான் விழோணும். இப்படியே விட்டா ரெண்டு மாசத்துல கம்பி அறுந்து உள்ளயே பொறி அடிக்கும். உரிச்சது ஜாஸ்தி, கம்பியைக் குறைச்சுட்டு ரப்பரை கிளாம்ப் தாண்டி உள்ள 5 மி.மீ தள்ளு

கார்த்தி: ரப்பர் உள்ள வந்தா கிளாம்ப்ல ஆடுது. இந்த ஒயர் ஒல்லி

பாலு சித்தப்பா: 16 ஆம்ப் டாப் மூணு கம்பி தடி ஒயருக்குச் செஞ்சது, அப்படித்தான் இருக்கும். கிளாம்ப் வர்ற இடத்துல ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினா சுருங்கிப் பிடிக்கிற குழாய்) ரெண்டு சுத்து ஏத்திக்கோ. இன்சுலேஷன் டேப் சுத்தினா வெயில்ல பசை இளகி வழுக்கும்

காலை 11:15

கார்த்தி: [படம்] இப்ப?

பாலு சித்தப்பா: 👌 டாப்பைப் புடிச்சுக்கிட்டு ஒயரை நல்லா ஒரு இழுப்பு இழு. நகரலைன்னா மூடு

செந்தில் மாமா: சாக்கெட்டுல சொருகாம மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வெச்சு டாப்போட ரெண்டு பின்னையும் தொடு. ஸ்விட்ச் ஆஃப்ல ஒன்னும் காட்டக்கூடாது, ஆன்ல சில ஓம் காட்டோணும். பூஜ்யம்னா ஷார்ட்டு. மெதுவா ஸ்டார்ட் ஆகற எலக்ட்ரானிக் மாடலா இருந்தா ஆன்லயும் ஒன்னும் காட்டாம போகலாம், பயப்படாத. அப்புறம் ஒவ்வொரு பின்னுக்கும் முன்னாடி அலுமினியத் தலைக்கும் பாரு, அங்க ஒன்னுமே காட்டக்கூடாது

கார்த்தி: ஆஃப்ல இல்ல, ஆன்ல 3 ஓம். தலைக்கு ஒன்னும் இல்ல. எந்த சாக்கெட்டுல போடட்டும்? ஜங்ஷன் பாக்ஸ் இருக்கு

பாலு சித்தப்பா: ஜங்ஷன் பாக்ஸ் எல்லாம் டிவிக்கும் மோடத்துக்கும். வாஷிங் மெஷின் பாயிண்ட் தனி லைன்தானே, அதுல போடு. அந்த லைன்ல 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி (கரண்ட் கசிஞ்சா விழற ஸ்விட்ச்) இருக்கான்னு பாத்துக்கோ. ஸ்டார்ட் பண்றப்ப எம்.சி.பி விழுந்தா அது சட்டுனு விழற பி கர்வா இருக்கும், மெஷின் மேல தப்பில்ல, ஸ்டார்ட்டிங் இழுப்பைத் தாங்கற சி கர்வ் கேளு. ஆம்ப் ஏத்தி மட்டும் போட்டுறாத

தேவி அக்கா: தோட்டம் வரைக்கும் 25 மீட்டர் இழுக்கோணும்னா 1.5 ஸ்கொயர் எம்.எம் ஒயர், மூணு கம்பி, 16 ஆம்ப் சாக்கெட். 6 ஆம்ப்ல 4 வோல்ட்டுதான் குறையும். 0.75 ஒயர்னா 8 வோல்ட். சுருளாவே வெச்சு ஓட்டாத, முழுசா அவுத்து விடு, சுருள்ல சூடு வெளியேறாது

கார்த்தி: சரிக்கா. வெட்டின பழைய பிளக்கை வெச்சுக்கட்டா? ஒயர் ஒரு சாண் இருக்கு, எதுக்காவது ஆகும்

பாலு சித்தப்பா: எதுக்கும் ஆகாது. பின்னை வளைச்சுட்டு குப்பைல போடு. உரிச்ச நுனியோட கெடந்தா எந்தக் குழந்தையாவது எடுத்து சாக்கெட்டுல சொருகும்

செந்தில் மாமா: தட்டு மாட்டாம, கார்டு மாட்டி, 1 நிமிசம் சும்மா ஓட்டு. அப்புறம் 10 நிமிசம் வேலை செஞ்சுட்டு டாப்பைக் கழட்டி பின்னைத் தொட்டுப் பாரு. வெதுவெதுப்பு பரவால்ல. விரல் வைக்க முடியலைன்னா சாக்கெட்டோ ஸ்க்ரூவோ லூஸு

மதியம் 12:20

கார்த்தி: லேசா வெதுவெதுன்னு இருக்குங்க மாமா. ரெண்டு பின்னும் ஒரே மாதிரி

செந்தில் மாமா: அப்ப சரி. ஆனா மல்டிமீட்டர் 9 வோல்ட் பேட்டரில பாக்கறது. 500 வோல்ட் மெகர்ல (இன்சுலேஷன் பாக்கற மீட்டர்) 2 மெகாஓம் மேல வருதான்னு ஒரு தடவை பாத்துரலாம். கடையில இருக்கு, 4 மணிக்கு மேல மெஷினை எடுத்துட்டு வா. வர்றப்ப அத்தைகிட்ட என் கண்ணாடியை வாங்கிட்டு வா, டிவி மேல இருக்கும்